ரைபிள்காரனுக்குக் கொடி ஏது

நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்து மூன்று வருடம் படவரைஞராக இருந்த அலவிக்கு, கடைசிப் பத்து வருடமும் பிறர் வரைந்த படங்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. ஓர் ஆறு வளைய வேண்டிய இடத்துக்கு ஒரு நூல் முன்னால் வளைந்துவிட்டால், வரைந்தவரைக் கூப்பிட்டுக் கதைக்க மாட்டார். சின்னத் துண்டு ஒன்றில் சிவப்பு மையால் இரண்டு வரி எழுதிப் படத்தின் மூலையில் குண்டூசியால் குத்திவிடுவார். அலவி வாய் திறக்கமாட்டார், துண்டுதான் ஏசும் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அந்தத் துண்டோடு யாரும் வாதாடியதில்லை. ஏனென்றால் பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. முப்பது வருடம் சரியாகவே இருந்துவிட்ட மனிதனுக்கு என்ன நேரும் என்பதை மட்டும் அங்கே யாரும் அவருக்குச் சொல்லி வைக்கவில்லை.

வெள்ளவத்தை ஹம்டன் ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் வீடு. அவரும் மனைவி ஹமீமாவும் மட்டும். கடற்கரை ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரியில் உள்ள கோப்பைகள் மெல்ல ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும். அந்த ஓசைக்கு நடுவில்தான் அலவி தமது இன்னொரு வேலையைச் செய்தார். படைச் சிப்பாய்களின் சிற்றுருவங்களுக்குக் கொடி செய்வது. உருவங்களைச் செய்தவர் கொட்டாஞ்சேனைச் சிவபாதசுந்தரம்.

இருவரும் சந்தித்தது பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில், இருபத்தேழு வருடங்களுக்கு முன்னர். பொழுதுபோக்குக் கண்காட்சி. முத்திரை சேர்ப்பவர்கள், கப்பல் செய்பவர்கள் என்று பலர் மேசை போட்டிருந்தார்கள். ஒரு மேசையில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் கொழும்புக் கோட்டைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். அலவி குனிந்து கொடியை மட்டும் பார்த்தார்.

"இது எந்த வருஷம்?"

"அட்டையில எழுதிக் கிடக்கே. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றாறு" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

"அப்ப கொடி பிழை. இந்தச் சாய்வான சிவப்புக் கோடு அயர்லாந்து சேர்ந்ததுக்குப் பொறகு வந்தது. ஆயிரத்து எண்ணூற்றொண்டில. உங்கட ஆக்கள் அஞ்சு வருஷம் முந்திப் பிடிச்சிட்டு வாறாங்க."

"நானா, இஞ்ச வாற சனத்தில ஆருக்கு உது தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சிட்டே."

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். பல் கட்டும் தொழில்நுட்பவியலாளர் அவர். ஜம்பட்டா வீதியில் வீட்டின் முன்னறையிலேயே ஆய்வுகூடம். மெழுகு, அச்சு, உருக்கிய உலோகம், ஊசிபோன்ற கருவிகள் எல்லாம் பொய்ப்பல் செய்ய வாங்கியவை. அவற்றாலேயே மாலை வேளைகளில் சிப்பாய்களும் பிறந்தார்கள். "அப்ப நீங்களே ஒண்டு கீறித் தாங்கோவன்" என்றார்.

"கொடி செய்து தாறேன். ஆனா உருவத்தில கை வைக்க மாட்டேன். கண் மூக்கு வச்சு உருவம் உண்டாக்கிறது எங்கட மார்க்கத்தில சரியில்ல. வீட்டில வைக்கவும் மாட்டேன்."

இதில் மற்றவர்கள் எப்படியோ, அலவி அப்படி வளர்ந்தவர். சிவபாதசுந்தரம் ஒரு கணம் யோசித்தார்.

"கொடிக்கு முகம் இல்லைத்தானே?"

"இல்ல."

"அப்பப் பிரச்சினை முடிஞ்சுது."

முடிந்துதான் போயிற்று. ஆனால் கொடியைக் கம்பில் பொருத்தி, கம்பை உருவத்தின் கையில் பொருத்திப் பார்க்காமல் அளவு வராது. ஆகவே உருவம் வெள்ளவத்தைக்கு வரத்தான் வேண்டும். சிவம் அதற்கு ஒரு வழி செய்தார். அலவியிடம் கேட்காமலேயே செய்தார். முதல் பெட்டி வந்தபோது, உள்ளே இருந்த நான்கு சிப்பாய்களின் தலைகளும் மெல்லிய கடதாசியால் சுற்றி, கழுத்தில் நூலால் கட்டியிருந்தன. கூடவே ஒரு துண்டு: "நானா, பொடியள் முக்காடு போட்டு வந்திருக்கிறாங்கள். பயப்படாதேங்கோ." நானா என்றால் அண்ணன்; உண்மையில் சிவம்தான் அலவியை விட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் அவருக்கு அலவி கடைசிவரை நானாதான்.

அலவி அந்தக் கடதாசிக் கட்டை ஒருநாளும் அவிழ்த்ததில்லை. அறுநூறுக்கு மேற்பட்ட சிப்பாய்களுக்குக் கொடி கொடுத்தார். ஒருவனுடைய முகத்தையும் அவர் கண்டதில்லை.

கொடி செய்வது கேட்பதற்கு எளிது. தேயிலைப் பெட்டிக்குள் வரும் மெல்லிய ஈயத்தாளை விளக்கில் காட்டி இளக்கி, தட்டையாக்கி, இரண்டு பக்கமும் வர்ணம் தீட்டி, காய்ந்த பிறகு காற்றில் பறப்பதுபோல் மடிப்பு வைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பிழைவிடுவது இரண்டாம் பக்கத்தில். கம்பு ஒரு பக்கத்தில் பார்க்க இடப்புறம் வந்தால் மறுபக்கத்தில் வலப்புறம் வரும். சின்னங்கள் அதற்கேற்ப இடம் மாற வேண்டும், எழுத்துகள் மட்டும் இரண்டு பக்கமும் நேராக வாசிக்க வேண்டும். உருவங்கள் உண்மை அளவில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. படைப்பிரிவுக் கொடியின் கம்பு ஒன்பது அடி பத்து அங்குலம் என்றால், சிவத்தின் சிப்பாயின் கையில் அது தொண்ணூற்று நாலு மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் குறைந்தாலும் பெட்டி சிவப்புத் துண்டோடு கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும்.

"நானா, உங்கட துண்டுகளைச் சேர்த்தா ஒரு வீட்டுச் சுவரெல்லாம் ஒட்டலாம்" என்பார் சிவம்.

"பிழை இல்லாட்டி நான் ஏன் எழுதுறேன்?"

"ஒரு கோடு தள்ளிப்போனா உலகம் கவிழ்ந்திடுமே?"

"அந்தத் துணி விழாமப் பிடிக்கப் போய்ச் செத்தவன் ஈக்கான், சிவம். கோட்ட மாத்திப் போட்டா அவன் வேற எதுக்கோ செத்தவன் ஆயிடுவான்."

அன்றிலிருந்து சிவமும் அளக்கத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்த ஏழெட்டுச் சேகரிப்பாளர்கள் இருவரது வேலையையும் வாங்கினார்கள். பழைய போர்கள், தூர தேசத்துப் போர்கள். இந்த நாட்டில் அவர்கள் வயதுக்குள் நடந்த போரில் பறந்த எந்தக் கொடியையும் இருவரும் தொட்டதில்லை. அதைப் பற்றிக் கதைத்துத் தீர்மானித்ததும் இல்லை.

ஒரு நோன்புப் பெருநாளன்று சிவம் வந்திருந்தார். ஹமீமா வட்டிலப்பத்தைத் தட்டில் வைத்தபோது, "தங்கச்சி, உங்கட மனிசன்ர பக்கத்து ஆக்கள் எந்த ஊர்? இவர் ஒண்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்" என்று கேட்டார்.

"மாமிட ஆக்கள் கொம்பனித்தெரு மலாய்க்காரங்க" என்றாள் ஹமீமா. "மாமிட மூத்த வாப்பா ஒராள் வெள்ளக்காரன்ட ரைபிள் படையில ஈந்தவராம். படைக்கு முன்னுக்குப் போய்க் கொடி நட்டவராம். மாமி மௌத்தாகும் மட்டும் அதத்தான் சொல்லிச் சொல்லி ஈந்தா."

"கொடியோ?" சிவம் நிமிர்ந்தார்.

அலவி கையை அசைத்தார். "உம்மா சொல்லுவா. ரைபிள்காரனுக்குக் கொடி ஏது சிவம்? மத்தப் படைகள் வரிசையில நிண்டு சண்ட பிடிக்கிற. இவங்க மரத்துக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு சுடுற ஆக்கள். கொடிய ஏந்தினாக் காட்டிக் குடுத்திடும். அதனால ரைபிள் படைப்பிரிவுக்குக் கொடியே குடுக்கிறல்ல. இது முதலாம் பாடம்."

"அப்ப மாமி பொய்யா சொன்னா?" என்றாள் ஹமீமா.

"பொய் இல்ல. பிழை."

"ஆளைப் பற்றி வேற என்ன தெரியும்? படம் ஒண்டும் இல்லையோ?" என்று சிவம் கேட்டார்.

"படம் எங்கால? பேரும் தெரியாது, முகமும் தெரியாது."

சிவம் வட்டிலப்பத்தைக் கரண்டியால் மெல்ல வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. அலவி அதை மறந்தும் விட்டார்.

மூன்று வருடத்துக்குப் பின் சிவத்துக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. மனைவி முன்பே போய்விட்டாள்; ஒரே மகள் உஷாந்தி ரொறன்ரோவில். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி, மற்ற நாட்களில் களைப்பு. கை நடுங்கத் தொடங்கியது. பெட்டிகள் அரிதாகின. வந்தவற்றில் பிழைகள் கூடின. ஒரு வாளின் பிடி புரண்டிருந்தது, ஒரு தோள்வார் மறுதோளில் ஏறியிருந்தது. அலவி மாட்டேன் என்று நினைத்தும் எழுதினார். எழுதாமல் விட்டால் அது சிவத்தை நோயாளி என்று சொல்வதாகும் என்பது அவருடைய நியாயம். நியாயம் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நியாயத்தை நெடுநாள் கையில் வைத்திருந்தால், எங்கே அது நியாயமாக இருப்பதை விட்டுப் பழக்கமாகிறது என்று பிடித்தவனுக்கே தெரிவதில்லை.

சென்ற வருடம் பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, வழக்கமாக வரும் முச்சக்கரவண்டிக்காரர் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே சிவத்தின் நடுங்கிய எழுத்து: "நானா, இலங்கை ரைபிள் படை. ஓராள்தான். கொடி உங்கட பொறுப்பு. அவசரமில்லை."

அலவி மூடியைத் திறந்தார். கரும்பச்சைச் சட்டை. தலையில் வழக்கமான கடதாசிக் கட்டு. இரண்டு கைகளும் சேர்ந்து ஒரு கம்பைப் பிடித்திருந்தன. அவ்வளவுதான் பார்த்தார். தனக்குள் ஏதோ சோர்ந்து விழுந்ததாக அவருக்குத் தோன்றியது. இருபத்தாறு வருடம் கழித்து முதலாம் பாடத்திலேயே பிழைவிடும் அளவுக்குச் சிவம் ஆகிவிட்டாரே என்ற துக்கம் அது. துக்கம் வந்தால் அலவிக்குக் கை தானாகச் சிவப்புப் பேனையைத் தேடும்.

"ரைபிள் படைப்பிரிவுகளுக்குக் கொடி இல்லை. அடிப்படைப் பிழை. கம்பை எடுத்துவிட்டு ரைபிள் கொடுக்கவும். - அலவி."

"கொஞ்சம் இருந்து நல்லாப் பாத்து அனுப்புங்களேன்" என்றாள் ஹமீமா. "வருத்தக்கார மனிசன்."

"பாக்க என்ன ஈக்கி?"

வண்டிக்காரர் கீழே பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் பெட்டி மறுபடியும் அவர் கையில் இருந்தது.

நான்கு நாள் கழித்துச் சிவம் போன் எடுத்தார். மருந்தைப் பற்றிக் கதைத்தார், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு உப்பில்லை என்றார், தம்முடைய பல்லைக் கட்டத்தான் ஆளில்லை என்று பகிடி விட்டார். வைப்பதற்கு முன் கேட்டார்:

"நானா, அந்தப் பெடியனை நல்லாப் பாத்தனீங்களோ?"

"பாத்தேன் சிவம். சந்தேகமே இல்ல."

"ஓம். அப்பச் சரி."

மார்ச் மாதம் பத்தாம் திகதி சிவம் போய்விட்டார். உஷாந்தி வந்து சேர்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பொறளைக் கனத்தை மயானத்தில் தகனம். அலவி ஓர் ஓரமாக நின்றார். எல்லாம் முடிந்த பின், கூட்டாளியோடு கதைத்த கடைசிக் கதை உப்பையும் பல்லையும் பற்றியது என்று ஹமீமாவிடம் சொல்லி அழுதார். அந்தப் போனில் கேட்ட இன்னொரு கேள்வி அப்போது அவருக்கு நினைவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் உஷாந்தி அழைத்தாள். "அலவி அங்கிள், வீட்டைப் பூட்டப்போறன். ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. ஒரு சாமான் கிடக்கு உங்களுக்கு."

மட்டக்குளி பஸ்ஸில் போய் இறங்கினார். ஜம்பட்டா வீதி வீட்டின் முன்னறையில் எல்லாம் அப்படியே இருந்தன. தட்டுகளில் சாந்தில் வார்த்த தாடைகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். வேலை மேசையில் அந்தச் சப்பாத்துப் பெட்டி.

"இது உங்களுக்கெண்டு அப்பா செய்தது" என்றாள் உஷாந்தி.

"எனக்கா? இது ஓடர் இல்லயா?"

"இல்லை அங்கிள். உங்களுக்கு. நாலு மாசம் செய்தவர். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம்தான் கை நிண்டது."

"புள்ள, நான் உருவம் வீட்டில வைக்கிறல்லயே. உங்கட அப்பாக்கு நல்லாத் தெரியும்."

"தெரியும். நீங்கள் அந்தக் கடதாசியைக் கழட்டிப் பாருங்கோ."

அலவியின் கை எழவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம். உஷாந்தி தானே நூலை அறுத்துக் கடதாசியை உரித்தாள்.

தொப்பி இருந்தது. தொப்பியின் வார் தாடைக்குக் கீழே ஓடிற்று. இரண்டு காதுகளும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. முட்டையின் ஓடுபோல் மழமழவென்று தேய்த்திருந்தது.

"புதிய சோனகத் தெருவில ஒரு மௌலவியிட்டப் போய்க் கேட்டவராம்" என்றாள் உஷாந்தி. "முகம் இல்லாட்டி வீட்டில வைக்கலாமோ எண்டு. அவர் வைக்கலாம் எண்ட பிறகுதான் தொடங்கினவர். உங்கட அம்மான்ர பாட்டனாராம் எண்டு சொன்னவர். ஆளின்ர முகம் உங்களுக்கும் தெரியாதாமே?"

"தெரியாது" என்றார் அலவி.

அப்போதுதான் அலவி சிப்பாயின் கைகளைப் பார்த்தார். கம்பு இல்லை. விரல்கள் ஏதோ தடித்த ஒன்றைப் பிடிக்கப்போவதுபோல் அகன்று இருந்தன. உட்புறம் அரத்தால் ராவிய வடு புதிதாக மின்னியது. பெட்டியின் அடியில் பாதி செய்த ரைபிள் ஒன்று கிடந்தது. குழல் வந்திருந்தது, பிடிக்கட்டை வரவில்லை. பக்கத்தில் ஒரு கடித உறை. உறைக்குள் கம்பு, அதோடு மடித்த ஒரு பக்கம்.

"அந்தப் பேப்பர் நான் இஞ்சத்தை லைப்ரரியில..." என்று தொடங்கிய உஷாந்தி தன்னைத் திருத்திக்கொண்டாள். "அங்க, ரொறன்ரோவில எடுத்தனுப்பினது. மூண்டு தரம் அலைச்சவர் என்னை. இந்தப் பக்கம் இல்லை, மற்றப் பக்கம் எண்டு."

பழைய ஆங்கிலேயப் படை ஒழுங்குவிதி ஒன்றின் பிரதி. சிவம் ஒரு பந்தியைப் பென்சிலால் கட்டமிட்டிருந்தார். பாசறைக் கொடிகள். படை தங்கப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய், கூடாரம் எங்கே தொடங்கும் எங்கே முடியும் என்று காட்ட நடும் சிறு கொடிகள். பதினெட்டு அங்குலச் சதுரம். கம்பு ஏழடி ஆறங்குலம்.

அலவி மேசையில் கிடந்த அளவுகோலை எடுத்தார். பல் அளக்கும் கோல். கம்பை அதில் வைத்தார். எழுபத்தொரு மில்லிமீற்றர். கணக்குப் போட அவருக்குக் கடதாசி தேவைப்படவில்லை. முப்பத்திரண்டால் பெருக்கினால் ஏழடி ஆறங்குலம்.

படைப்பிரிவுக் கொடியின் கம்பு தொண்ணூற்று நாலு. இது அதைவிட இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் குட்டை. பார்த்தவுடன் தெரியும் வித்தியாசம். பார்த்திருந்தால்.

படைக்கு முன்னுக்குப் போய்க் கொடி நட்டவர். உம்மா சொன்னது அதைத்தான். ரைபிள்காரர்களும் எங்கோ தங்கத்தானே வேண்டும். யாரோ முன்னால் போய் இடம் காட்டத்தானே வேண்டும். இலங்கையின் ரைபிள் படை அப்படிச் செய்தது என்பதற்கு இந்தப் பக்கம் சான்றல்ல என்பது அலவிக்கு அப்போதும் தெரிந்தது. ஆனால் செய்யவில்லை என்பதற்கு அவரிடம் என்ன சான்று இருந்தது? ஒன்றுமில்லை. ஒரு பாடம் மட்டும் இருந்தது. சிவம் தேடியிருக்கிறார். தாம் தேடவில்லை.

அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

"அங்கிள், அந்தத் துண்டில என்ன எழுதியிருந்தனீங்கள்?" உஷாந்தி கேட்டாள். "அப்பா எனக்குக் காட்டேல்லை. பெட்டி திரும்பி வந்த அண்டைக்கு வட்ஸ்அப்பில முகமே சரியில்லை. என்னப்பா, நானாக்குப் பிடிக்கேல்லையோ எண்டு கேட்டன். 'நானா பாத்தாச் சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் விளங்கேல்லை' எண்டார். பிறகு உங்களோட கதைச்ச அண்டைக்கே கம்பைக் கழட்டிட்டு ராவத் தொடங்கிட்டார்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஏதோ அளவு சரியில்லை என்று எழுதினேன் என்றால் அந்தப் பிள்ளை நம்பியிருப்பாள். மறுநாள் விமானம் ஏறிப் போயிருப்பாள். அலவி கம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிழை எண்டு எழுதினேன்."

"பிழைதானோ?"

"இல்ல புள்ள. அவர் சரி. நான் பாக்கல்ல."

தெருவில் மீன்காரனின் கூவல் கேட்டு ஓய்ந்தது. உஷாந்தி தட்டிலிருந்த ஒரு தாடையை எடுத்து, பெயரை வாசித்து, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"அவர் ஒருக்காக் கேட்டவரெல்லே அங்கிள்? நல்லாப் பாத்தனீங்களோ எண்டு. போனில. எனக்குச் சொன்னவர்."

"ஓம். கேட்டார்."

அவள் அழவுமில்லை, அவரைத் தேற்றவுமில்லை. பிறகு, "பிளேன்டீ ஊத்தட்டோ?" என்று கேட்டாள். அந்த உபசாரத்தைப்போல் அலவியைச் சுட்ட ஏச்சு அவர் வாழ்நாளில் வேறில்லை. வேண்டாம் என்று சொல்லத் துணியாமல் குடித்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டியை ஹமீமா திறந்தாள். முகமில்லாத சிப்பாயை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தாள். அலவி எல்லாவற்றையும் சொன்னார். தம் துண்டில் எழுதியதை அப்படியே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"மாமி ஈந்திருந்தா எவ்வளவு சந்தோசப்படுவா" என்றாள். கண்ணாடி அலுமாரியில் கோப்பைகளை ஒதுக்கி இடம் செய்தாள். அந்த வீட்டில் நிலையாக வைத்த முதல் உருவம்.

பத்து நாள் அலவி கொடி செய்தார். பதினாலு மில்லிமீற்றர்ச் சதுரம். சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. எந்த நிறம் என்று மூன்று புத்தகங்களைப் புரட்டினார். சட்டையின் கழுத்துப்பட்டி நிறமாக இருக்கலாம் என்பதுவரை வந்தார்; அதற்கு மேல் ஒருவரும் உறுதி சொல்லவில்லை. 'இருக்கலாம்' என்பதை நம்பி அவர் செய்த முதல் கொடி அதுதான். கம்பைத் துடைத்து, கொடியைக் கட்டி, சிப்பாயின் கையில் வைத்தார். சரிந்து விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது. ரைபிள் பிடிப்பதற்காக ராவி அகட்டிய கையில் அந்த மெல்லிய கம்பு நிற்கவில்லை.

"கொஞ்சம் கம் பூசி ஒட்டுங்களேன்" என்றாள் ஹமீமா.

"கம்மால நிக்காது. இந்த ஓட்டைய அடைக்கோணும். அடைச்சாத்தான் நிக்கும்."

"அப்ப அடைங்க."

"அடைக்கேலா."

"என்னத்துக்கு?"

கூட்டாளியின் கை கடைசியாகச் செய்த வேலை அந்த ஓட்டை. நடுங்கும் விரலால் அரம் பிடித்து, சரியானதைப் பிழையாக்க அந்த மனிதர் எத்தனை அரைமணித்தியாலம் உட்கார்ந்திருப்பார்? பிடிக்காத ஒருவனுக்காகச் செய்திருக்க முடியாது. நம்பிய ஒருவனுக்காகத்தான் செய்ய முடியும். அதை மெழுகால் மூடிச் சரிக்கட்டினால், தம் துண்டு செய்ததைத் தாமே அழித்ததாகும். மூடாமல் விட்டால், சிவம் செய்த கொடிக்காரன் இனி ஒருநாளும் கொடி பிடிக்க மாட்டான். இரண்டில் எது சரி என்று அவருக்குத் தெரியவில்லை. சரி எது என்று தெரியாமல் ஒரு வேலையின் முன்னால் அவர் உட்கார்ந்திருப்பதை ஹமீமா முதன்முறையாகக் கண்டாள்.

கொடியைச் சிப்பாயின் காலடியில் படுக்க வைத்தார். அப்படியே ஐந்து மாதம் போயிற்று.

செப்ரெம்பரில், ஒரு ஞாயிறு மாலை, உஷாந்தியின் அழைப்பு வந்தது. சுகம் விசாரித்தாள். குரலில் பழைய இறுக்கம் இல்லை. "அண்டைக்கு நான் ஒரு மாதிரிக் கதைச்சிட்டன் அங்கிள். மனசில வைக்காதேங்கோ" என்றாள். பிறகு தயங்கிக் கேட்டாள்: "அந்தக் கொடி... வச்சிட்டீங்களோ?"

கண்ணாடி அலுமாரி எதிரில்தான் இருந்தது. அலவி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வச்சிட்டேன் புள்ள."

சமையலறையில் நின்ற ஹமீமா திரும்பிப் பார்த்தாள். நாற்பத்தொரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதில்லை.

"வடிவா நிக்குதோ?"

"நல்லா நிக்கி."

"ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கோவன். அப்பாவை நினைச்சா எனக்கு அந்த ராவின கைதான் ஞாபகம் வருது. கொடியோட பாத்தா மாறும்."

"இப்ப அனுப்புறேன்."

போனை வைத்தார். சிப்பாயை எடுத்து ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்தார். கம்பைக் கையில் செருகினார், சரிந்தது. மறுபடி செருகினார். ஹமீமா வந்து, பின்பக்கமாகக் கையை நீட்டி, ஒரு விரல் நுனியால் கம்பை முட்டுக்கொடுத்து நிறுத்தினாள். கொடி நிமிர்ந்தது.

"விரல் படத்தில விழுதா?"

"இல்ல. அசையாம ஈங்க."

படம் எடுத்தார். சரிபார்த்தார். கொடிக்குப் பின்னால் விரல் தெரியவில்லை. கம்பு நேராக நின்றது. முகமில்லாத அந்த மனிதன் தன் ஆட்களுக்கு இடம் காட்டிக்கொண்டு நின்றான். அனுப்பினார்.

சற்று நேரத்தில் பதில் வந்தது. "அப்பா சரியாத்தான் செய்திருக்கிறார் என்ன, அங்கிள்."

அதை இரண்டு முறை வாசித்தார். ஓம் என்று எழுதினார், அனுப்பினார். போனை மடியில் வைத்தார். கடற்கரை ரயில் ஒன்று போயிற்று.

"விடவா?" என்று கேட்டாள் ஹமீமா. அவளுடைய விரல் இன்னும் அங்கேயே இருந்தது.